இம்ப்ளான்ட் ஆழம்: எலும்பு கரைவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மழைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் (எலும்புக்குள் பதிக்கும் உலோக வேர்) வைத்து, அதன்மேல் கிரவுனும் (செயற்கைப் பல்) போட்டு ஒரு வருடம் ஆகிறது. வலி இல்லை, மெல்லுவதில் சிரமம் இல்லை. பரிசோதனைக்குப் போனபோது எடுத்த எக்ஸ்ரேயை, கிரவுன் போட்ட அன்று எடுத்ததோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் எலும்பு கொஞ்சம் இறங்கியிருப்பது எனக்கே தெரிகிறது. அன்று இம்ப்ளான்டின் மேல் விளிம்பு வரை எலும்பு இருந்தது. இப்போது இம்ப்ளான்டின் முதல் மரை (திருகுப் புரி) வரை கறுப்பாக இருக்கிறது.

என் பல் மருத்துவர் "முதல் வருடம் இவ்வளவு இறங்கும், பயப்பட வேண்டாம்" என்கிறார். இன்னொரு இடத்தில் கேட்டபோது "ஆழமாக வைத்துவிட்டார்கள், அதனால்தான்" என்றார்கள். இன்னொருவரோ "ஆழமாக வைத்தால்தான் எலும்பு நிற்கும்" என்கிறார். மூன்று பேர் சொல்வதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இம்ப்ளான்டை எவ்வளவு ஆழத்தில் வைக்கிறார்கள் என்பது எலும்பையும் ஈறையும் எப்படிப் பாதிக்கிறது? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பல் தேய்க்கும்போது எப்போதாவது லேசாக ரத்தம் வருவதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈறுக்காவல் எழுதியது:

ஈறு சிகிச்சைதான் என் தொழில், அதனால் ஈறிலிருந்தே தொடங்குகிறேன்.

இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேரின் மேலுள்ள சிமென்டம் என்ற அடுக்குக்குள் குறுக்காகப் புகுந்து பிடித்திருக்கும். இம்ப்ளான்டின் டைட்டானியத்துக்குள் அப்படிப் புக முடியாது. அங்கே நார்கள் உலோகத்தை ஒட்டி நெடுக்காகவும், சுற்றி வளையமாகவும் ஓடும். வேருக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் தசைநாரும் இல்லை, அதன் வழியாக வரும் ரத்த ஓட்டமும் இல்லை. இந்த நிலையில்தான் வாயில் இருக்கும் கிருமிகள் எலும்பை எட்டாதபடி ஈறு ஓர் அடைப்பை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு உயரம் தேவை. மேல்தோல் ஒட்டும் பகுதி சுமார் 2 மி.மீ, அதன் கீழே இணைப்புத்திசு 1 முதல் 1.5 மி.மீ. மொத்தம் 3 மி.மீ-க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இயற்கைப் பல்லுக்கு இது குறைவு. 1961-இல் கார்கியுலோ குழுவினர் அளந்தபோது ஒட்டுத்தோலும் இணைப்புத்திசுவும் சேர்ந்து சராசரி 2.04 மி.மீ தான் வந்தது.

இனி முக்கியமான இடம். இந்த உயரம் ஈறில் இல்லையென்றால், உடம்பு எலும்பைக் கரைத்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். 1996-இல் பெர்க்லுண்டும் லிண்டேயும் நாய்களில் இதைக் காட்டினார்கள். ஒரு பக்கம் ஈறை அப்படியே விட்டார்கள், மறுபக்கம் 2 மி.மீ-க்கும் குறைவாக மெலியவைத்தார்கள். மெலிந்த பக்கத்தில் புண் ஆறும்போதே எலும்பு கரைந்தது. ஆறி முடிந்த பிறகு இரண்டு பக்கமும் அடைப்பின் உயரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

ஆகவே முதல் வருடத்தில் எலும்பு சற்று இறங்குவது எல்லா நேரமும் நோய் அல்ல. ஆனால் "எல்லோருக்கும் இறங்கும்" என்று சொல்லி விட்டுவிடுவதும் எனக்கு ஏற்புடையதல்ல. ஏன் இறங்கியது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்கலாம்.

உங்களிடம் மூன்று கேள்விகள். இம்ப்ளான்டுக்கும் அபட்மென்டுக்கும் (இம்ப்ளான்டின் மேல் பூட்டி, கிரவுனைத் தாங்கும் துண்டு) இடையே என்ன வகை இணைப்பு? கிரவுனை ஸ்க்ரூ போட்டு இறுக்கினார்களா, சிமென்ட் வைத்து ஒட்டினார்களா? அறுவை நடந்த அன்று ஈறின் தடிமனை யாராவது அளந்தார்களா?

மழைச்சாரல் எழுதியது:

நன்றி டாக்டர். கையில் கொடுத்த அட்டையைப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எலும்பு மட்டத்தில் வைக்கும் வகை, உள்ளே கூம்பு வடிவ இணைப்பு. கிரவுனை சிமென்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அபட்மென்டின் கழுத்து உயரம் 1 மி.மீ என்று எழுதியிருக்கிறது. ஈறின் தடிமன் பற்றி அட்டையில் ஒன்றும் இல்லை.

கடைசிவருடம் எழுதியது:

பல் மருத்துவ மாணவன். குறுக்கே ஒரு சந்தேகம். எலும்பு விளிம்போடு சமமாக வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பயிற்சியில் பார்க்கும்போது சிலர் 1 மி.மீ, சிலர் 2 மி.மீ கூட எலும்புக்குள் இறக்குகிறார்கள். எது சரி?

சாய்மானம் எழுதியது:

இம்ப்ளான்டின் மேல் பல் கட்டுவது என் வேலை. தம்பி, "எலும்போடு சமம்" என்ற பாடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பிரானெமார்க் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தது 1965-இல். அந்தக் கால வடிவத்தில் இம்ப்ளான்டின் தலைமேல் அறுகோணம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அபட்மென்ட் அதன்மேல் தட்டையாக உட்காரும். இரண்டுக்கும் நடுவே மிக நுண்ணிய இடுக்கு. அதில் கிருமிகள் குடியேறும், மெல்லும்போது இணைப்பு லேசாக அசையும். 1981-இல் வந்த அடெல் குழுவின் 15 ஆண்டுத் தொகுப்பில், ஆறும் காலமும் முதல் வருடமும் சேர்த்து சராசரி 1.5 மி.மீ எலும்பு போனது, அதன்பிறகு வருடத்துக்கு சுமார் 0.1 மி.மீ தான் போனது. 1986-இல் ஆல்ப்ரெக்ட்சன் குழு வெற்றிக்கான அளவுகோல் வகுத்தபோது, முதல் வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ-க்குள் இருக்க வேண்டும் என்றார்கள். "முதல் வருடம் இறங்கும்" என்று இன்றைக்கும் சொல்லப்படுவதன் வேர் இதுதான். அது அந்தக் காலத்து இணைப்பில் கிடைத்த அளவு.

1990-களின் பிற்பகுதியில் ஹெர்மன், காக்ரன் குழுவினர் நாய்களில் இடுக்கின் உயரத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். தட்டை இணைப்பு உள்ளவற்றில், இடுக்கு எங்கே இருந்ததோ அதிலிருந்து சுமார் 2 மி.மீ கீழே போய் எலும்பு நின்றது. இடுக்கை ஆழத்துக்குக் கொண்டுபோனால் எலும்பும் கூடவே இறங்கும் என்று பொருள். அதனால் தட்டை இணைப்பை ஆழமாகப் புதைப்பது தப்பு, சந்தேகமே இல்லை.

அப்புறம் இன்னொன்று நடந்தது. 1991 வாக்கில் 5, 6 மி.மீ அகல இம்ப்ளான்ட்கள் வந்தன, அதே அகலத்தில் அபட்மென்ட் இல்லை. கையில் இருந்த 4.1 மி.மீ அபட்மென்டையே பூட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரேக்களைப் புரட்டியபோது அவற்றில் எலும்பு குறைவாகவே இறங்கியிருந்தது. லசாராவும் போர்ட்டரும் 2006-இல் இதை எழுதினார்கள். இடுக்கு விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போய்விட்டதால் எலும்புக்கும் அதற்கும் இடைவெளி கிடைத்தது. இதோடு இறுக்கமான கூம்பு இணைப்பும் சேர்ந்தபோதுதான் எலும்புக்குள் 1 மி.மீ இறக்குவது நியாயமான தெரிவாக மாறியது. சமமா, ஆழமா என்று கேட்கும் முன் "எந்த இணைப்பு" என்று கேளுங்கள்.

கூர்முனை எழுதியது:

அறுவை செய்பவன் என்ற முறையில் சாய்மானம் சொன்னதில் ஒரு பாதியை மறுக்கிறேன். இணைப்பு நன்றாக இருந்தால் எலும்பு நிற்கும் என்ற நம்பிக்கையை ஈறு தடிமன் உடைத்துவிடுகிறது. 2009-இல் லின்கேவிசியஸ் குழு மனிதர்களில் செய்த ஆய்வில், இணைப்பு எலும்புக்கு மேலே இருந்தும்கூட, ஈறு 2 மி.மீ அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு முதல் வருடத்தில் 1.45 மி.மீ வரை எலும்பு போனது. இடுக்கை மேலே தூக்கி வைத்தும் பலன் இல்லை. ஈறு தன் உயரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஆகவே நான் கத்தி வைத்ததும் முதலில் செய்வது அளப்பது. வெளிப்பக்க ஈறைத் திறந்துவிட்டு, நாக்குப் பக்க ஈறைத் தூக்காமல் அப்படியே வைத்து, எலும்பு மேட்டின் மேல் ப்ரோப்பை (மி.மீ கோடுகள் போட்ட மெல்லிய அளவுக் கம்பி) நிறுத்திப் பார்ப்பேன். நாக்குப் பக்க மடலின் மேல் ஓரம் ப்ரோப்பின் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதுதான் தடிமன். 3 மி.மீ அல்லது அதற்கு மேல் என்றால் எலும்போடு சமமாக வைப்பேன். 2 மி.மீ என்றால், கீழே ஓடும் நரம்பைத் தொடாமல் இடம் இருந்தால், கூம்பு இணைப்பு உள்ளதை 1 மி.மீ-க்குச் சற்று மேல் உள்ளே இறக்குவேன். கீழே இடம் இல்லையென்றால் ஈறைத் தடிமனாக்கும் ஒட்டுச் சிகிச்சையைச் சேர்த்துச் செய்வேன். அளக்கும் இந்த வேலை சில நொடிதான். இதைச் செய்யாமல் ஆழத்தைத் தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஈறுக்காவல் எழுதியது:

கூர்முனை சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். மழைச்சாரலின் அட்டையில் "கழுத்து உயரம் 1 மி.மீ" என்று இருப்பதையும் கவனியுங்கள். 2014-இல் கலிந்தோ-மொரேனோ குழு, அபட்மென்ட் உயரம் 2 மி.மீ-க்குக் குறைவாக இருந்த இடங்களில் எலும்பு அதிகமாகப் போனதைக் காட்டியது. இம்ப்ளான்டின் தலைக்கும் கிரவுனின் அடிவிளிம்புக்கும் நடுவே ஈறு ஒட்டுவதற்கு 1 மி.மீ மட்டும் விட்டால் அது எங்கே போகும்? கிரவுன் விளிம்பு எலும்பின் தலைக்கு அருகிலேயே உட்கார்ந்துவிடும். இம்ப்ளான்டை எந்த ஆழத்தில் வைத்தாலும் சரி, மேலே பூட்டும் அபட்மென்ட் அந்த ஆழத்துக்கு ஈடாக இருக்க வேண்டும்.

பீங்கான்மேசை எழுதியது:

கிரவுன் செய்யும் லேபிலிருந்து எழுதுகிறேன். ஆழமாக வைப்பதை எல்லோரும் திட்டுகிறார்கள். மேலோட்டமாக வைத்தால் எங்கள் மேசையில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள்.

கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் அகலம் முன்பின்னாக சுமார் 11 மி.மீ. இம்ப்ளான்டின் தலை 4.5 அல்லது 5 மி.மீ. அந்தச் சின்ன வட்டத்திலிருந்து பல்லின் முழு அகலத்துக்கு விரிந்தாக வேண்டும். விரிவதற்கு ஈறுக்குள் 3 மி.மீ உயரம் கிடைத்தால் சரிவாக ஏற்றலாம். 1 மி.மீ தான் கிடைத்தால் கிரவுன் குடை மாதிரி படுக்கையாக விரியும். மாதிரியில் வைத்துப் பார்த்தாலே தெரியும், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் அடியில் வளைந்து உள்ளே போகவே போகாது. வாயிலும் அதே கதிதான். மருத்துவர் "சுத்தம் செய்ய வசதியாக வடிவம் கொடு" என்று குறிப்பு அனுப்புவார். உயரமே இல்லாத இடத்தில் நான் வடிவத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

சாய்மானம் எழுதியது:

இது பலருக்கும் உறைக்காத விஷயம். 2018-இல் கட்டாஃபுச்சி குழு எழுதியதில், எலும்பு மட்ட இம்ப்ளான்ட்களில் கிரவுன் விரியும் கோணம் 30 பாகைக்கு மேல் போனபோது இம்ப்ளான்டைச் சுற்றிய எலும்பு நோய் கூடுதலாகக் காணப்பட்டது. பக்கவாட்டில் குவிந்தும் இருந்தால் இன்னும் அதிகம். மேலோட்டமாக வைத்தால் எலும்புக்கு நல்லது என்று நினைத்து வைப்பார்கள். கடைசியில் கிரவுனின் அடியில் தேங்கும் அழுக்கு அதே எலும்பைத் தின்னும்.

தென்றல் எழுதியது:

எனக்கு முன்பல்லில் வைக்கப்போகிறார்கள். கடைவாய்க்குச் சொல்வது முன்பல்லுக்கும் பொருந்துமா?

ஈறுக்காவல் எழுதியது:

பொருந்தும், ஆனால் பிழைக்கு இடம் மிகக் குறைவு. முன்பல்லில் ஆழத்தை எலும்பிலிருந்து அளக்கவே கூடாது. புதுப் பல்லின் ஈறுக்கோடு எங்கே வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து 3 முதல் 4 மி.மீ உள்ளே இம்ப்ளான்டின் தலை வர வேண்டும். எலும்பு அதற்கு ஒத்துழைக்கவில்லை என்றால் எலும்பைச் சரிசெய்ய வேண்டுமே தவிர, இம்ப்ளான்டை எலும்பு இருக்கிற இடத்துக்குத் துரத்திக்கொண்டு போகக் கூடாது.

துரத்திப் போனால் என்ன ஆகும்? இம்ப்ளான்டைச் சுற்றி எலும்பு அடைப்பின் உயரத்துக்கு ஏற்ப இறங்கும். மேல்முன்பற்களின் உதட்டுப் பக்க எலும்பு பெரும்பாலானோருக்கு 1 மி.மீ கூட இருக்காது, அது முதலில் போகும். அதோடு ஈறுக்கோடு மேலேறி, பல் நீளமாகத் தெரியும். இம்ப்ளான்ட் பக்கத்துப் பல்லுக்கு 1.5 மி.மீ-க்கும் நெருக்கமாக இருந்துவிட்டால், இந்தக் கரைவு பக்கத்துப் பல்லின் எலும்பையும் தொட்டுவிடும். பற்களுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் ஈறு நுனி அந்த எலும்பை நம்பித்தான் நிற்கிறது. இயற்கைப் பற்களில் டார்னோ குழு 1992-இல் அளந்து சொன்ன கணக்கு இது: இரு பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு வரை 5 மி.மீ-க்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நுனி நிறைந்திருந்தது. 6 மி.மீ ஆனால் 56 விழுக்காடு இடங்களில்தான், 7 ஆனால் 27 விழுக்காடு. ஒரு மி.மீ-இல் பாதி போய்விடுகிறது. போன நுனியைத் திரும்பக் கொண்டுவருவது என் துறையில் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று.

மேலோட்டமாக வைத்தாலும் முன்பல்லில் தப்பிக்க முடியாது. மெல்லிய ஈறு வழியாகச் சாம்பல் நிறம் தெரியும், பல் குட்டையாக இருக்கும். உங்கள் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: வரப்போகும் பல்லின் வடிவத்தை முதலில் செய்துவிட்டு அதை வைத்து, அறுவையின்போது இம்ப்ளான்ட் வர வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டித் தகடு தயாரிக்கிறாரா என்று.

தென்றல் எழுதியது:

கேட்கிறேன் டாக்டர், மிக்க நன்றி. ஒருவேளை ஆழமாகப் போய்விட்டால் பிறகு கொஞ்சம் மேலே இழுக்க முடியுமா?

கூர்முனை எழுதியது:

முடியாது அம்மா. எலும்போடு ஒட்டிவிட்ட இம்ப்ளான்ட் கம்பி போட்டு இழுத்தாலும் அசையாது. அறுவையன்று, எலும்பு பிடிப்பதற்கு முன்னால் அரைச்சுற்று திருப்பி உயர்த்தலாம், அவ்வளவுதான். அதனால்தான் இடையில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத் தையல் போடுவது நல்லது. மிக மோசமான இடத்தில் இருந்தால் எதிர்த்திசையில் திருக்கி எடுத்துவிட்டு, எலும்பு ஆறியபின் மறுபடி வைப்பதுதான் வழி.

கீழ்த்தாடையில் ஆழத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. நரம்பு ஓடும் குழாய்க்கும் இம்ப்ளான்டின் நுனிக்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ விட வேண்டும். துளையிடும் டிரில்லின் கூர்முனை, குறித்த நீளத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எலும்புக்குள் 1 மி.மீ இறக்க வேண்டும் என்றால் அந்த 1 மி.மீ குட்டையான இம்ப்ளான்டைத் தேர்ந்தெடுங்கள், நரம்பிலிருந்து கடன் வாங்காதீர்கள்.

கடைசிவருடம் எழுதியது:

சிமென்ட் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? மழைச்சாரலுக்கு ஒட்டிய கிரவுன் அல்லவா?

சாய்மானம் எழுதியது:

நல்ல கேள்வி. கிரவுன் விளிம்பு ஈறுக்குக் கீழே போகப் போக, வழியும் சிமென்டை முழுதாக எடுப்பது கடினமாகிக்கொண்டே போகும். லின்கேவிசியஸ் குழு இதையும் அளந்திருக்கிறது. நிபுணர் கவனமாகத் துடைத்தும் ஆழமான விளிம்புகளில் மிச்சம் இருந்தது. 2009-இல் வில்சன் சிறிய உள்நோக்குக் கருவியை ஈறுக்குள் விட்டுப் பார்த்தபோது, சீழோ ரத்தமோ வந்த இம்ப்ளான்ட்களில் 81 விழுக்காட்டில் சிமென்ட் மிச்சம் இருந்தது. எடுத்தபிறகு அவற்றில் பெரும்பாலானவை ஆறிவிட்டன.

இப்படிப்பட்ட கிரவுனைக் கழற்றினால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். ஈறின் உட்சுவர் சிவந்து, தொட்டால் கசியும். அபட்மென்டின் கழுத்தில், கண்ணுக்கு எட்டாத பின்பக்கத்தில், நகத்துண்டு மாதிரி மஞ்சள் வெள்ளையாகக் கெட்டியான சிமென்ட் விளிம்பு ஒட்டியிருக்கும். அதன் சொரசொரப்பில் அழுக்கு படிந்திருக்கும். அது எக்ஸ்ரேயில் எப்போதும் தெரியாது. முன்பின் பக்கம் இருந்தால்தான் தெரியும், கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ இருந்தால் இம்ப்ளான்டின் நிழலே அதை மறைத்துவிடும்.

மழைச்சாரல், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ரத்தம் வருகிறது என்கிறீர்கள், விளிம்பு ஆழத்தில் இருக்கிறது, கழுத்து குட்டை.

மழைச்சாரல் எழுதியது:

இங்கே படித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு என் மருத்துவரிடமே போனேன். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகக் கேட்டார். ப்ரோப் வைத்து அளந்ததில் மூன்று பக்கம் 4 மி.மீ, நாக்குப் பக்கம் 5 மி.மீ, அங்கே மட்டும் ரத்தம். சீழ் இல்லை. கிரவுனின் நடுவில் துளை போட்டு ஸ்க்ரூவைக் கண்டுபிடித்து, கிரவுனையும் அபட்மென்டையும் ஒன்றாகக் கழற்றினார். நாக்குப் பக்கம் சிமென்ட் ஒட்டியிருந்தது, எனக்கும் காட்டினார். சுத்தம் செய்துவிட்டு, உயரமான கழுத்துள்ள அபட்மென்டில், ஸ்க்ரூ போட்டு இறுக்கும் கிரவுன் புதிதாகச் செய்யலாம் என்றிருக்கிறார். எலும்பு திரும்ப வளருமா?

ஈறுக்காவல் எழுதியது:

மிக நல்ல செய்தி. கேட்டதும் கழற்றிப் பார்த்த மருத்துவரை விடாதீர்கள்.

எலும்பு பழைய உயரத்துக்கு வரும் என்று நம்ப வேண்டாம். இந்த அளவோடு நிற்பதுதான் நாம் எதிர்பார்ப்பது, அது நின்றால் இம்ப்ளான்ட் நெடுங்காலம் இருக்கும். புதிய அபட்மென்டை ஒருமுறை பூட்டியபின் திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டாம் என்று லேபிடமும் மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒட்டியிருக்கும் திசு கிழியும், அது மறுபடி ஒட்டும்போது இன்னும் கீழே போய் ஒட்டும். நாய்களில் ஆப்ரஹாம்சன் குழு 1997-லேயே இதைக் காட்டியது.

4 மி.மீ, 5 மி.மீ என்ற எண்களைத் தனியாகப் பார்த்துக் கலங்காதீர்கள். எலும்புக்குள் சற்று இறக்கிய இம்ப்ளான்டில் ப்ரோப் ஆழமாகத்தான் போகும். அந்த எண் கூடுகிறதா, ரத்தம் தொடர்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய எக்ஸ்ரே இல்லாதவர்களுக்கு, ஈறு நோய்களையும் இம்ப்ளான்டைச் சுற்றிய நோய்களையும் வகைப்படுத்திய 2017 உலகப் பட்டறை சொன்ன வரையறை: ரத்தம் அல்லது சீழ், 6 மி.மீ அல்லது அதற்கு மேல் ஆழம், 3 மி.மீ அல்லது அதற்கு மேல் எலும்பு இழப்பு, மூன்றும் சேர்ந்தால் நோய். நீங்கள் அந்த இடத்தில் இல்லை. உங்களிடம் பழைய எக்ஸ்ரே இருப்பதால் அதைவிட நுட்பமாகவே கவனிக்க முடியும்.

மழைச்சாரல் எழுதியது:

கடைசியாக ஒன்று. அடுத்த எக்ஸ்ரேயை நானே ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? இரண்டு படமும் வேறு வேறு அளவில் இருக்கிறதே.

கூர்முனை எழுதியது:

முடியும். இம்ப்ளான்டின் நீளம் உங்கள் அட்டையில் இருக்கிறது, படத்தில் அதுவே அளவுகோல். படத்தில் இம்ப்ளான்டை மேலிருந்து கீழ் வரை அளந்து, எலும்பு தொடும் இடம் வரை அளந்து, விகிதம் போட்டால் மி.மீ வந்துவிடும். மரைகளை எண்ணியும் பார்க்கலாம், இரண்டு மரைக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். புதுக் கிரவுன் போடும் அன்று ஒரு படம் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள், இனி அதுதான் தொடக்கக் கோடு. படம் நேராக விழுந்திருக்கிறதா என்பதையும் மரைகளே சொல்லும். இரண்டு பக்கமும் மரைகள் கூராகப் பிரிந்து தெரிந்தால் அளக்கலாம். ஒரு பக்கமாவது மங்கிக் குழம்பியிருந்தால் கதிர் சாய்வாகப் போயிருக்கிறது, அந்தப் படத்தில் எலும்பு மட்டத்தை அளக்காமல் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.